ஹோட்டலுக்குள் துப்பாக்கி தெரியும்படி வருகிறவரை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா?

அண்ணாநகர் மெஸ்காரன்:

மதுரைக்காரர்களும் சட்டம் தெரிந்தவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். அண்ணாநகர்ப் பக்கம் எங்களுக்கு ஓர் அசைவ ஹோட்டல் இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது, இப்போது கல்லாவில் நான்தான் உட்காருகிறேன். கீழே சாதா ஹால், மாடியில் ஏசி ஹால். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் மாடிப்படி வரைக்கும் ஆள் நிற்கும், பெரும்பாலும் குடும்பத்தோடு வருகிறவர்கள்.

இடம் வாங்கி விற்கிற தொழில் செய்கிற ஒருவர் சில மாதமாக ஞாயிறுதோறும் வருகிறார். பில்லுக்குத் தகராறு பண்ணியதில்லை, சப்ளையர் பையன்களுக்குத் தாராளமாகவே கொடுப்பார். அவர் இடுப்பில் இருக்கிற ரிவால்வர்தான் பிரச்சினை. சட்டையை உள்ளே விட்டு பெல்ட்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டியிருப்பார். உட்கார்ந்ததும் உறுத்துகிறது என்று உறையோடு கழற்றி இலைக்குப் பக்கத்தில் டம்ளரை ஒட்டி வைத்துவிடுவார். கூடவே இரண்டு பேர் வருவார்கள், அதில் ஒருவரிடம் இரட்டைக்குழல் துப்பாக்கி. முதலாளி சாப்பிட்டு முடிக்கிற வரை அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார், அப்புறம் தன் முறை வந்ததும் துப்பாக்கியைக் கை கழுவுகிற இடத்துச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

போன ஞாயிறு கை கழுவ வந்த ஒரு சின்னப் பிள்ளை, நாலைந்து வயது இருக்கும், அந்தத் துப்பாக்கியில் தொங்கிய வாரைப் பிடித்து இழுத்துவிட்டது. துப்பாக்கி டைல்ஸில் சரிந்து, கீழே விழப்போன நேரத்தில் பக்கத்தில் நின்ற எங்கள் கிளீனர் அக்கா பிடித்துவிட்டார். அந்தப் பிள்ளையின் அம்மா போட்ட சத்தத்தில் ஹாலே எழுந்து நின்றது. அந்தக் குடும்பம் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். காசு வேண்டாம் சார் என்று நான் சொல்லச் சொல்ல, பிள்ளையின் அப்பா பணத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்பா சொல்வது: "அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்திருக்கு, நாம யாருடா கேக்க?" சப்ளையர் பையன்கள் இரண்டு பேர் அந்த டேபிளுக்குப் போகமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். லைசென்ஸ் உள்ளவரை நம் கடைக்குள் துப்பாக்கியோடு வராதீர்கள் என்று சொல்ல சட்டப்படி நமக்கு உரிமை உண்டா, போர்டு வைத்தால் செல்லுமா, கேட்காமல் உள்ளே வந்தால் என்ன செய்வது? துப்பாக்கியைக் கல்லாவில் வாங்கி வைத்துக்கொண்டு போகும்போது கொடுத்தால் சரியாகிவிடுமா என்றும் யோசிக்கிறேன். அவரை அவமானப்படுத்த வேண்டும் என்பது என் எண்ணம் இல்லை, பயமில்லாமல் நாலு பேர் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

உலகனேரி வக்கீல்:

தம்பி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் ஆபத்து. துப்பாக்கியைக் கல்லாவில் வாங்கி வைக்கவே வைக்காதீர்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆவது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாத யாரும் துப்பாக்கியைக் கைவசம் வைத்திருக்கக் கூடாது. அவர் லைசென்ஸ் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. நல்ல எண்ணத்தில் வாங்கி டிராயரில் வைத்தாலும் அந்த நேரத்தில் அது உங்கள் கைவசம் இருக்கிறது என்று ஒருவர் எழுதினால் எழுதியதுதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தபட்சமே இரண்டு வருடம், ஐந்து வருடம் வரை போகலாம். டோக்கன் கொடுத்துச் செருப்பு வாங்கி வைக்கிற மாதிரி செய்கிற காரியம் இல்லை இது. "டிரைவரிடம் கொடுத்துவிட்டு வாங்க" என்றும் நீங்கள் சொல்லாதீர்கள், டிரைவருக்கும் அதே வில்லங்கம்தான்.

இப்போது உரிமை விஷயம். அப்பா சொல்வதில் பாதிதான் சரி. லைசென்ஸ் கொடுத்தது அரசாங்கம், உண்மை. ஆனால் அது துப்பாக்கி வைத்திருக்கக் கொடுத்த அனுமதி, உங்கள் ஹோட்டலுக்குள் வரக் கொடுத்த அனுமதி இல்லை. இடம் உங்களுடையது. சாப்பிட வாருங்கள் என்று ஊரையே கூப்பிட்டிருக்கிறீர்கள், அந்த அழைப்புக்கு நிபந்தனை போட உங்களுக்கு உரிமை உண்டு. நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமையும் கிடையாது, லைசென்ஸ் கொடுத்த அதிகாரியே பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் தேவை என்று பட்டால் 17-ஆவது பிரிவில் அதை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம்.

ஆனால் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். "அனுமதி மறுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு" என்ற போர்டை வைத்துக்கொண்டு நம் பக்கத்து ஊர்களில் யாரையெல்லாம் வெளியே நிறுத்தினார்கள் என்பது நமக்குத் தெரியும். டீக்கடையில் தனி டம்ளர் வைத்த கதை ரொம்பப் பழையது இல்லை. அதனால்தான் அரசியலமைப்பின் 15(2) பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றைக் காரணமாக வைத்துக் கடை, ஹோட்டல் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. தீண்டாமையின் பேரில் தடுத்தால் 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் விதி ஆளைப் பார்த்து இருக்கக் கூடாது, இடுப்பில் இருக்கிற பொருளைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். இன்றைக்கு இவரைத் தடுத்துவிட்டு அடுத்த மாதம் ஒரு கட்சிக்காரர் கன்மேனோடு வந்தால் சலாம் போட்டு உள்ளே விட்டால் உங்கள் போர்டுக்கு மதிப்பு அன்றைக்கே போய்விடும், இவரும் "என்னைக் குறி வைத்துச் செய்தார்கள்" என்று சொல்ல இடம் கிடைத்துவிடும்.

அடுத்து, அவர் செய்வதே விதிப்படி இல்லை. 2016 ஆயுத விதிகளில் 32-ஆவது விதியை எடுத்துப் பாருங்கள். பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையில் இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், கொண்டு போகிறவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். எடுத்துக் காட்டுவதோ சுடுவதோ கூடாது. பொது இடம் என்றால் ரோடு மட்டும்தானே என்று எதிர்த்தரப்பு கேட்கும், ஜனங்கள் வந்து போகிற ஹோட்டல் ஹாலும் அதில் அடங்கும் என்றுதான் நான் வாதாடுவேன். சுவரில் சாய்த்துவிட்டு முதுகைக் காட்டிச் சாப்பிடுகிறவரின் கட்டுப்பாட்டில் அந்தத் துப்பாக்கி இருந்தது என்று எந்த நீதிபதியும் ஒத்துக்கொள்ள மாட்டார். லைசென்ஸ் நிபந்தனையை மீறினாலே ஆயுதச் சட்டத்தின் 30-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

போகச் சொல்லியும் போகவில்லை என்றால்? மிரட்டுகிற எண்ணத்திலோ தொந்தரவு செய்கிற எண்ணத்திலோ அங்கேயே உட்கார்ந்திருந்தால் அது அத்துமீறல், பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவு. வாய்விட்டு மிரட்டினால் 351. ஆனால் தள்ளுமுள்ளு வேண்டாம், கையைத் தொடவே வேண்டாம். 100-க்கோ 112-க்கோ போன் போடுங்கள். லைசென்ஸைக் காட்டு என்று கேட்கிற அதிகாரம் ஆயுதச் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் போலீசுக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. போன ஞாயிறு நடந்ததற்குச் சிசிடிவி பதிவு இருந்தால் இன்றைக்கே பென்டிரைவில் எடுத்து வையுங்கள், டிவிஆரில் பழையது தானாக அழிந்துவிடும். ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்து, மனு வாங்கியதற்கு அவர்கள் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

அண்ணாநகர் மெஸ்காரன்:

ரொம்ப நன்றி சார். கல்லாவில் வாங்கி வைக்கிற யோசனையை இப்போதே விட்டுவிட்டேன். பதிவு இருக்கிறது, எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் மனு கொடுக்க அப்பா சம்மதிக்க மாட்டார். முதலில் பேசிப் பார்க்கலாம் என்கிறார். பேசுவது என்றால் யாரிடம், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

திருமங்கலம் முன்னாள் ஹவில்தார்:

தம்பி, நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து, பேங்குக்குப் பணம் கொண்டு போகிற வண்டியில் கார்டாக வேலை பார்ப்பவன். நீங்கள் எழுதியதில் அந்த வாரை இழுத்த பிள்ளை கதையைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒருவன் போகிறான் என்றால் அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று அர்த்தம், அல்லது சொல்லிக் கொடுத்ததை மறந்துவிட்டான். கார்டு வேலையில் இருக்கிறவன் துப்பாக்கியில் தோட்டா போட்டுத்தான் வைத்திருப்பான். இரட்டைக்குழலில் பழைய மாடல் நிறைய ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, கீழே விழுந்தால் வெடிக்காது என்று நம்பி இருக்கவே முடியாது. ஏசி ஹால் மாதிரி அடைத்த இடத்தில் எல்.ஜி. தோட்டா, அதாவது பெரிய ஈயக் குண்டுகள் அடைத்த தோட்டா, வெடித்து டைல்ஸில் பட்டுத் தெறித்தால் யார் மேல் படும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான். துப்பாக்கி கையை விட்டுப் போகக் கூடாது. போக வேண்டிய கட்டாயம் வந்தால் முதலில் குழலை மடித்துத் திறந்து, தோட்டா இரண்டையும் எடுத்துப் பையில் போட்டு, குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் வைக்க வேண்டும். வைத்தாலும் கண்ணில் இருந்து மறையக் கூடாது. நாங்கள் வண்டியில் இருக்கும்போது ஹோட்டலுக்குள் போய்ச் சாப்பிடவே மாட்டோம், பார்சல் வாங்கி வண்டியில் வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிடுவோம். அது ஒன்றும் எங்களுக்கு மரியாதைக் குறைவு இல்லை, வேலை அப்படி.

அதனால் முதலாளியிடம் போவதற்கு முன்னால் அந்த கன்மேனிடம் பேசுங்கள். அவரும் மாதச் சம்பளக்காரர்தான், பாதிப்பேர் எங்களை மாதிரி பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள். ஹாலில் வைத்துப் பேசாதீர்கள், கீழே பார்க்கிங்கில் வைத்து "அண்ணே, போன வாரம் அந்தப் பிள்ளை இழுத்துச்சே, ஏதாவது ஆகியிருந்தா உங்க பேர்லதானே கேஸ் வரும்" என்று கேளுங்கள். அவருக்கே உறைக்கும். லைசென்ஸில் யார் பேர் இருக்கிறதோ அவர் கையில்தான் அது இருக்க வேண்டும், கூட வருகிற இன்னொருவரிடம் மாற்றிக் கொடுத்திருந்தால் அதுவும் தப்பு. இன்னொன்றும் கவனியுங்கள். அவர் செக்யூரிட்டி கம்பெனி ஆளாக இருந்து, போலீஸ் உடுப்பு மாதிரியே காக்கி போட்டுக்கொண்டு வந்தால், 2005 தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டப்படி அவர் மீதும் கம்பெனி மீதும் நடவடிக்கை எடுக்கலாம்.

எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருப்பது என்னவென்றால், இவரை மாதிரி நாலு பேர் பந்தாவுக்காக வெளியே தெரிய மாட்டிக்கொண்டு திரிவதால், வேலைக்காகத் துப்பாக்கி தூக்குகிற எங்களையும் ஜனங்கள் அப்படியே பார்க்கிறார்கள்.

டாலஸ் மதுரைக்காரி:

நான் செல்லூரில் பிறந்து வளர்ந்தவள், இப்போது டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே இந்தப் பிரச்சினை தினசரிப் பேச்சு, அதனால் எழுதுகிறேன். அமெரிக்கா என்றால் துப்பாக்கியோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரும் கேட்க முடியாது என்று ஊரில் நினைக்கிறார்கள், மெஸ்காரர் அப்பாவும் அப்படித்தான் நினைப்பார் போல. உண்மை அது இல்லை.

டெக்சாஸில் 2016 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை உறையில் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு போகலாம் என்று ஆனது. 2021 செப்டம்பரில் இருந்து பெரும்பாலான பெரியவர்களுக்கு லைசென்ஸ் கூடத் தேவையில்லை. ஆனால் அதே சட்டத்தில் கடைக்காரருக்கும் வழி வைத்திருக்கிறார்கள். 30.07 என்று ஒரு போர்டு. லைசென்ஸ் உள்ளவர் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்து வரக்கூடாது என்று சொல்வது அது. மறைத்துக்கூடக் கொண்டு வரக்கூடாது என்றால் 30.06 என்று தனிப் போர்டு. அந்த வாசகத்தை நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது, சட்டத்தில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும், எழுத்து ஒவ்வொன்றும் ஓர் அங்குலமாவது உயரம், பின்னணியில் இருந்து பளிச்சென்று தெரிகிற நிறம், ஒவ்வொரு நுழைவாயிலிலும். போர்டை மீறி வந்தால் 200 டாலர் வரை அபராதம். வாயால் சொல்லியும் போகாமல் நின்றால் அது பெரிய குற்றம், ஒரு வருடம் வரை ஜெயில். அதாவது, மரியாதையாக நேரில் சொல்லிவிட்டோம் என்பதற்குச் சட்டத்திலேயே அவ்வளவு பலம்.

அமெரிக்க அரசியலமைப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்கிற உரிமை எழுதியே இருக்கிறது. ஆனால் அது அரசாங்கத்தின் கையைக் கட்டுகிறது, கடைக்காரரின் கையைக் கட்டுவதில்லை. ஸ்டார்பக்ஸ் காபி நிறுவனம் 2013-இல் துப்பாக்கியோடு எங்கள் கடைக்கு வராதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதியது. தடை என்று சொல்லாமல் வேண்டுகோளாகவே வைத்தது. டெக்சாஸில் எல் பாசோ என்ற ஊரில் வால்மார்ட் கடையில் 2019 ஆகஸ்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 23 பேர் செத்துப்போனார்கள், அதற்கு அடுத்த மாதம் வால்மார்ட்டும் துப்பாக்கியை வெளியே தெரியும்படி கொண்டு வராதீர்கள் என்று வேண்டுகோள் வைத்தது. உங்களுக்கு ரொம்பப் பொருந்துகிறது வாட்டபர்கர். டெக்சாஸிலேயே பிறந்த சாப்பாட்டுக் கடை. 2015-இல், அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, எங்கள் கடையில் வெளியே தெரிகிற துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதன் தலைவர் தானே வேட்டைக்குப் போகிறவர், மறைத்து எடுத்துச் செல்கிற லைசென்ஸும் வைத்திருப்பவர். அதைச் சொல்லிவிட்டுத்தான், சாப்பிட வருகிறவர்களும் வேலை செய்கிறவர்களும் சங்கடப்படுகிறார்கள் என்று எழுதினார். துப்பாக்கியை வெறுக்கிறவர் சொன்ன பேச்சு இல்லை அது.

ஹவாயி இன்னும் ஒரு படி மேலே போனது. கடைக்காரர் வரலாம் என்று வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய, துப்பாக்கியோடு உள்ளே போகவே கூடாது என்று 2023-இல் சட்டம் போட்டார்கள். அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அங்கேயும் சண்டை எதில் என்றால், கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான். வேண்டாம் என்று அவர் வாய் திறந்து சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை. துப்பாக்கிக்கு அவ்வளவு உரிமை கொடுத்த ஊரிலேயே இப்படி. நம்ம ஊரில் ஏன் இவ்வளவு தயக்கம்?

தெற்காவணி வியாபாரி:

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள், லைசென்ஸ் வைத்திருக்கிறவன் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். தெற்காவணி மூல வீதியில் தங்கத் தொழில் எனக்கு. சரக்கு எடுத்துக்கொண்டு வெளியூர் போய் வருகிறவன். என்னைப் பின்தொடர்ந்து வந்து வழி மறித்ததற்கு அப்புறம்தான் துப்பாக்கிக்கு எழுதிப் போட்டேன். விசாரணைக்கு மேல் விசாரணை, ஸ்டேஷனுக்கும் ஆபீசுக்கும் நடையாய் நடந்து வாங்கியது. கான்பூரில் செய்த பாயிண்ட் 32 ரிவால்வர், விலை ஒரு பக்கம், அதை வைத்துக் காப்பாற்றுவது இன்னொரு பக்கம். எலெக்‌ஷன் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டு போய் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும், அந்த நேரத்திலும் நாங்கள் சரக்கோடுதான் அலைகிறோம்.

நான் எப்போதும் தொளதொளவென்று சட்டை போட்டு அதற்குள்ளேதான் வைப்பேன். என் கூடச் சாப்பிடுகிறவருக்குக் கூடத் தெரியாது. வெளியே தெரிந்தால் திருடனுக்கு முதலில் தெரியும், அதைப் பிடுங்கத்தான் முதலில் பார்ப்பான். அதனால் அந்த மனிதர் செய்வது பாதுகாப்பே இல்லை, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் மெஸ்காரர் தம்பி, "துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அனுமதி இல்லை" என்று மொட்டையாகப் போர்டு வைத்தால் நான் என்ன செய்வது? காரில் வைத்துவிட்டு வர முடியாது, களவு போனால் பதில் சொல்ல வேண்டியவன் நான். உங்களிடம் கொடுக்க முடியாது, வக்கீல் சார் காரணம் சொல்லிவிட்டார். வழியில் நாலு இட்லி சாப்பிடக் கூட இறங்க முடியாது என்றால் அது நியாயமா? வாசலில் ஆளை நிறுத்தித் தடவிப் பார்க்க ஆரம்பித்தால் அதைவிட அசிங்கம் வேறு இல்லை.

உலகனேரி வக்கீல்:

வியாபாரி ஐயா கேட்பது நியாயமான கேள்வி. சட்டப்படி பார்த்தால் மறைத்துக் கொண்டு வருவதையும் வேண்டாம் என்று சொல்ல இடத்துக்காரருக்கு உரிமை உண்டுதான். ஆனால் நம்மால் கண்காணிக்க முடியாத விதியைப் போர்டில் எழுதிப் பிரயோஜனம் இல்லை. ஹோட்டலில் மெட்டல் டிடெக்டர் வைக்கப் போகிறீர்களா என்ன? மீனாட்சி அம்மன் கோயிலில் செல்போனுக்குத் தடை என்றால் வாசலில் சோதனை இருக்கிறது, வாங்கி வைக்கக் கவுன்டர் இருக்கிறது, கோர்ட் உத்தரவு பின்னால் இருக்கிறது. ஒரு மெஸ்ஸால் அதெல்லாம் ஆகாது. "வெளியே தெரியும்படி" என்ற இரண்டு வார்த்தையைச் சேர்த்துவிடுங்கள். 32-ஆவது விதி கேட்பதும் அதைத்தானே, மூடி வை என்று. டியூட்டியில் இருக்கிற போலீஸ், மந்திரிக்கும் நீதிபதிக்கும் கூட வருகிற அரசாங்கப் பாதுகாப்பு ஆட்கள், இவர்களைத் தடுக்கப் போக வேண்டாம், அதையும் போர்டில் எழுதிவிடுங்கள்.

மண்டபத்து மேனேஜர்:

பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கும் இது இருக்கிறது, மாப்பிள்ளை ஊர்வலத்தில் எடுத்துக் காட்டுவது, போட்டோவுக்குத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பது. நல்லவேளையாக யாரும் மண்டபத்தில் சுட்டதில்லை. விசேஷ வீட்டில், கோயிலில், கூட்டத்தில் வேடிக்கைக்குச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருடம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2019 திருத்தத்தில் வந்ததை பிரிண்ட் எடுத்து ஆபீஸ் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறேன். புக்கிங் படிவத்திலேயே "மண்டப வளாகத்துக்குள் ஆயுதம் வெளியே தெரியும்படி கொண்டு வரக்கூடாது, மீறினால் முன்பணத்தில் பிடித்தம் செய்யப்படும்" என்று ஒரு வரி. கையெழுத்து வாங்கும்போது அந்த வரியைப் பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். முன்னாடியே சொல்லிவிட்டால் அன்றைக்கு யாருக்கும் கோபம் வருவதில்லை, அவர்களே தங்கள் ஆட்களைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

உங்களுக்குப் படிவம் கிடையாது, கஷ்டம்தான். ஒரு யோசனை: மாடியில் தனி ரூம் மாதிரி தடுத்து அவரை அங்கே உட்கார வைத்தால் என்ன? வாடிக்கையும் போகாது, குடும்பங்களும் பார்க்காது.

திருமங்கலம் முன்னாள் ஹவில்தார்:

மேனேஜர் சார், தனி ரூம் வேண்டவே வேண்டாம். அந்த ரூமுக்குள் சோறு கொண்டு போகிறவன் யார்? அந்தச் சப்ளையர் பையன்தானே. குடும்பங்கள் கண்ணில் படாது, சரி. அந்தப் பையன் மட்டும் டேபிளில் கிடக்கிற துப்பாக்கிக்கு மேலே கையை நீட்டிக் குழம்பு ஊற்ற வேண்டும். அதுவும் இல்லாமல், துப்பாக்கியோடு வந்தால் தனி ரூம் கிடைக்கும் என்று ஊருக்குள் தெரிந்துவிட்டால் இன்னும் நாலு பேர் அப்படி வருவார்கள்.

டாலஸ் மதுரைக்காரி:

ஹவில்தார் ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. வேலை செய்கிற பிள்ளைகளைப் பற்றி இங்கேயும் யாரும் பேசுவதில்லை. சாப்பிட வந்தவர் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம், அந்தப் பையன் எங்கே போவான்?

அண்ணாநகர் மெஸ்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இங்கே வந்ததையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். லைசென்ஸ் விஷயம் கேட்டு அவர் ஒன்றும் அசையவில்லை, பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குழம்பு ஊற்றுகிற பையன் பற்றி ஐயா எழுதியதைக் கேட்டதும்தான் எழுந்து போய் சப்ளையர் பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். "நீ பேசாத, அவரு என்னை அண்ணே அண்ணேன்னு கூப்பிடுறாரு, நானே பேசுறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஞாயிறு வரை காத்திருக்காமல் சனிக்கிழமையே அவர் ஆபீசுக்கு நேரில் போய்ச் சொல்வதாக முடிவு. துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் எப்போதும் போல வரலாம், இல்லையென்றால் பார்சல் கட்டி வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம் என்பதுதான் பேச்சு. கன்மேன் அண்ணனிடம் நான் பேசிவிட்டேன், ஹவில்தார் ஐயா சொன்ன மாதிரியே பார்க்கிங்கில் வைத்து. அவர் தலையைக் குனிந்துகொண்டு "சரி தம்பி" என்றார், அவரும் பட்டாளத்துக்காரர்தான்.

போர்டு வாசகம் இப்படி எழுதியிருக்கிறேன், வக்கீல் சார் ஒருமுறை பாருங்கள்:

"துப்பாக்கியோ வேறு ஆயுதமோ வெளியே தெரியும்படி கொண்டு வருபவர்களுக்கு இங்கே அனுமதி இல்லை. லைசென்ஸ் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். பணியில் இருக்கும் காவல்துறையினருக்கும் அரசுப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கும் பொருந்தாது. ஆயுதங்களை நாங்கள் வாங்கி வைப்பதில்லை. – நிர்வாகம்"

உலகனேரி வக்கீல்:

நன்றாக இருக்கிறது. ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம். கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடாதீர்கள், உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு படித்துப் பிரயோஜனம் இல்லை. ரோட்டில் இருந்து ஏறுகிற வாசலிலும் மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்திலும் ஒவ்வொன்று. பின்பக்கம் பார்க்கிங்கில் இருந்து நேராக ஏசி ஹாலுக்கு ஏற வழி இருந்தால் அங்கேயும் ஒன்று.

அண்ணாநகர் மெஸ்காரன்:

பின்பக்கம் லிப்ட் இருக்கிறது சார், அவர் அதில்தான் வருவார். அங்கேயும் வைத்துவிடுகிறேன். மொத்தம் மூன்று போர்டுக்குச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருகிறார்கள்.